வாசலில் விட்டுவந்த மார்க்குகள்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இந்தக் காலத்தில் தையும் மாசியும் பிறந்தால் கலாசாலைப் பரீட்சை முடிவுகளும் கூடவே பிறந்துவிடுகின்றன. முன்னாளில் பரீட்சை முடிவு பார்ப்பதென்றால் ரயிலடியில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும் வரையில் காத்திருக்க வேண்டும். நம்பர் இருந்தால் தெருவுக்கெல்லாம் கற்கண்டு. இல்லாவிட்டால் கொல்லைப்புற வழியாக வீடு திரும்பலாம். இப்பொழுது எல்லாம் கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. சௌகரியந்தான், சந்தேகமில்லை. ஆனால் கொல்லைப்புற வழி அடைபட்டுப் போயிற்று. பல வீடுகளில் பையன் பார்ப்பதற்கு முன்னால் தகப்பனாரே பார்த்துவிடுகிறார்.

அப்படிப் பார்த்துவிட்ட தகப்பனார் ஒருவரிடமிருந்து நமக்குக் கடிதம் வந்திருக்கிறது. சிறிய ஊரில் சிறிய வியாபாரம் செய்கிறவர். மகன் பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தான். 100-க்கு 90-க்குக் குறைந்து வாங்கியதாகச் சரித்திரமே இல்லை. அந்த மார்க்கின் பலத்தில், முதல் வருஷத்தைத் தாண்டி, இன்ஜினீயரிங் கலாசாலையில் நேரே இரண்டாம் வருஷத்தில் இடம் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் பரம சந்தோஷம். டிப்ளமாவும் கையில், டிகிரியும் கையில், வருஷமோ ஒன்றுகூட நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டார்கள். முதல் செமஸ்டர் முடிவு வந்தது. இரண்டு பாடத்தில் அரியர். மற்றப் பாடங்களில் ஏதோ கரையேறியிருக்கிறான்.

தகப்பனார் மூன்று கேள்விகள் கேட்கிறார். பையனுடைய புத்தி மழுங்கிவிட்டதா? அல்லது சகவாசம் கெட்டுவிட்டதா? பாங்கிக் கடன் இன்னும் ஏறுவதற்குள் அவனைத் திருப்பி அழைத்து வந்து, டிப்ளமாவுக்குக் கிடைக்கிற வேலையில் அமர்த்திவிடலாமா?

முதல் இரண்டு கேள்விகளும் எல்லாத் தகப்பனார்களும் கேட்கிறவைதான். மூன்றாவது கேள்விதான் நம்மைப் பேனா எடுக்கச் செய்தது. ஏனென்றால் அதற்கு இந்த மாதத்திலேயே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விடை சொல்லிவிடுவார்கள். அந்தச் சபையில் பெரியப்பா இருப்பார், மாமா இருப்பார், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார்கூட இருப்பார். பையன் மட்டும் இருக்கமாட்டான், இருந்தாலும் பேசமாட்டான்.

இந்தப் பையன் தனிப்பிறவி அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். தகப்பனாருக்கு உத்தியோக மாற்றல் வந்ததால் ஊர் மாறிக் கலாசாலை மாறின பெண், ஊர்க் கலாசாலையில் தமிழில் பி.எஸ்ஸி. படித்துவிட்டுப் பட்டணத்தில் இங்கிலீஷில் எம்.எஸ்ஸி. சேர்ந்த பையன், பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கலாசாலையிலிருந்து தன்னாட்சிக் கலாசாலைக்குப் போனவர்கள், இப்படி எத்தனையோ பேருக்கு இதே அனுபவம். நேற்று வரையில் வகுப்பில் முதலாவதாக இருந்தவர்கள் திடீரென்று வகுப்பின் வாலைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் இது ஒரு பெரிய விஷயமாகவே இருந்து வருகிறது. அங்கே ஊருக்கு ஊர் இரண்டு வருஷக் கலாசாலைகள் உண்டு. இன்றும் நடைபெறுகிற அத்தகைய பொதுக் கலாசாலைகளில் மூத்தது 1901-ஆம் வருஷத்தில் இல்லினாய் மாகாணத்து ஜோலியட் நகரில் தொடங்கியது. சம்பளம் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் முதல் இரண்டு வருஷத்தை அங்கே முடித்துவிட்டு, பிறகு பெரிய சர்வகலாசாலைக்கு மாறுகிறார்கள். மாறியவுடன் மார்க்கு இறங்குகிறது. 1965-ல் ஹில்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அதுவரையில் வெளியான புள்ளிவிவரங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இந்த இறக்கத்துக்கு ‘இடமாற்ற அதிர்ச்சி’ என்று பொருள்படும் ஒரு பெயரைப் பிரபலப்படுத்தினார். 1992-ல் இன்னொருவர் 62 ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். அவற்றில் 49-ல் மார்க்கு இறங்கியிருந்தது. பெரும்பாலும் இறக்கம் நாலு புள்ளி அளவில் அரைப் புள்ளிக்கு உட்பட்டதுதான். அந்த 49-ல் 33 ஆராய்ச்சிகளில் மாணவர்கள் மறுபடி ஏறியிருந்தார்கள், அநேகமாக ஒரு வருஷத்துக்குள்.

சகவாச தோஷத்தால் ஒரு பையன் கெடலாம். இரண்டு பையன்கள் கெடலாம். ஒரு தேசத்தில் கலாசாலை மாறிய பிள்ளைகளில் பெரும்பாலோர், தலைமுறை தலைமுறையாக, அதே செமஸ்டரில் சகவாச தோஷத்துக்கு ஆளானார்கள் என்று சொல்லுவது பொருந்துமா? ஆகவே தகப்பனாருடைய முதல் இரண்டு கேள்விகளையும் இங்கேயே ஒத்திவைத்துவிடலாம். ஆனால் மீதமுள்ள 16 ஆராய்ச்சிகளையும் நாம் மறக்கக் கூடாது. ‘எல்லாம் தானே சரியாய்ப் போய்விடும்’ என்று தோளைத் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தானே சரியாகிறது என்பதற்கு அந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை. ஏறினவர்கள் ஏறியிருக்கிறார்கள், ஏறாதவர்களும் உண்டு.

மார்க்கு ஏன் இறங்குகிறது?

நாம் மார்க்கைப் பணம் போல் நினைக்கிறோம். ஓரிடத்தில் சம்பாதித்ததை இன்னோரிடத்தில் செலவழிக்கலாம் என்று எண்ணம். உண்மையில் அது அந்தந்தக் கோயில் வாசலில் தரும் செருப்பு டோக்கன் மாதிரி. வேறு கோயிலில் செல்லாது. டிப்ளமாவில் வாங்கிய 90 பையனுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது. அதோடு அதன் வேலை தீர்ந்தது. புதுக் கலாசாலையில் சராசரிப் புள்ளி கணக்கிடும்போது பழைய மார்க்கு உள்ளே வருவதில்லை, பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். அளவுகோலும் வேறு. ‘ஓ’ என்ற எழுத்துக்கு 10 புள்ளி, ‘ஏ பிளஸ்’ஸுக்கு 9, ‘ஏ’க்கு 8 என்று இறங்கிக்கொண்டே போகிறது. சில இடங்களில் இந்த எழுத்தையும் வகுப்பிலுள்ள மற்றவர்கள் வாங்கிய மார்க்கோடு ஒப்பிட்டுத்தான் கொடுக்கிறார்கள். அதாவது, நம் பையன் நேற்றுப் போலவே எழுதியிருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கெட்டிக்காரர்களாய் இருந்தால் இவன் எழுத்து ஒரு படி இறங்கிவிடும். அளந்த படி மாறியிருக்கும்போது நெல் குறைந்துவிட்டது என்று குடியானவனை அடிப்பது நியாயமாகாது.

கேள்வித்தாளின் லட்சணமும் வேறு. பாலிடெக்னிக் தாளில் படம் போட்டு விளக்கு, பாகங்களைக் குறி, உபயோகங்களைச் சொல்லு என்ற வகைக் கேள்விகளுக்கு மதிப்பு அதிகம். கையால் தொட்டுப் படித்த பையனுக்கு அது கைவந்த கலை. அண்ணா பல்கலைக்கழகத்துத் தாளில் பழக்கமான அமைப்பு, இரண்டு மார்க்குக் கேள்விகள் 10, பதின்மூன்று மார்க்குக் கேள்விகள் 5, பதினைந்து மார்க்குக் கேள்வி 1. சின்னக் கேள்விகளை எல்லாம் பிழையில்லாமல் எழுதினாலும் 20-தான். பாக்கி 80-ம் நீண்ட விடைகளில் இருக்கிறது. கணித சம்பந்தமான பாடமென்றால் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டாக வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் சங்கிலியே அறுந்துவிடும்.

அந்த விட்டுப்போன கண்ணியைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் அபிப்பிராயத்தில் விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் வருஷ முதல் செமஸ்டரில் பல பிரிவினருக்கும் பூரியே தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு முதலியவை கணிதப் பாடமாக வருகின்றன. பூரியே என்பவர் பிரெஞ்சுக்காரர். உஷ்ணம் ஒரு பொருளில் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்து 1822-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். உஷ்ணம் பரவுவதைப் பற்றி நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பில் தோசைக்கல்லை வைக்கிறோம். நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு. வைத்த நிமிஷத்தில் ஒரு சூடு, ஐந்து நிமிஷம் கழித்து ஒரு சூடு. ஆக, கல்லின் சூடு இடத்தாலும் மாறுகிறது, நேரத்தாலும் மாறுகிறது. இப்பொழுது ஒரே இடத்தில், நட்ட நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள், விரலை நீட்டிக்கொண்டு (தொட வேண்டாம்!) நேரம் ஆக ஆகச் சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று மட்டும் பார்க்கிறோம். அது ஒரு கணக்கு. அல்லது ஒரே நிமிஷத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போகச் சூடு எப்படிக் குறைகிறது என்று பார்க்கிறோம். இது வேறு கணக்கு. ஒன்றை நிறுத்தி வைத்து மற்றொன்றால் வரும் மாறுதலை மட்டும் பார்ப்பதற்குத்தான் பகுதி வகையிடல் என்று பெயர். அதற்கு அடையாளமாகக் கணிதக்காரர்கள் வளைந்த ‘டி’ ஒன்று எழுதுகிறார்கள்.

இந்த வளைந்த ‘டி’யை அறிமுகப்படுத்துவது முதல் வருஷத்து வகுப்பு. நம் பையன் முதல் வருஷத்தில் அங்கே இல்லை! பாலிடெக்னிக்கில் அவன் சாதாரண வகையிடல் படித்திருக்கிறான், தொகையிடல் படித்திருக்கிறான், அணிகள் படித்திருக்கிறான். அதெல்லாம் நேரான ‘டி’. இரண்டாம் வருஷத்தில் ஆசிரியர் வந்து, கரும்பலகையில் முதல் வரியிலேயே வளைந்த ‘டி’யைப் போட்டு, ‘போன வருஷம் பார்த்தோமே’ என்று சொல்லிவிட்டு மேலே போகிறார். அவர் மேல் தவறில்லை. அறுபது பேரில் ஐம்பது பேருக்கும் மேல் அவரிடமோ இன்னொருவரிடமோ போன வருஷம் பார்த்தவர்கள்தான். மீதிச் சிலபேர் கடைசி பெஞ்சில், ‘லேட்டரல்’ என்ற பட்டப் பெயரோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கையைத் தூக்கிக் கேட்கலாம். கேட்டால் அறுபது தலைகள் திரும்பும். பாலிடெக்னிக்கில் வகுப்பின் முதல்வனாய் இருந்தவன் அந்த அறுபது தலைகளையும் எப்படித் தாங்குவான்? தலையை ஆட்டிவிடுகிறான். மறுநாளும் ஆட்டுகிறான். கார்த்திகை மாதம் பரீட்சை வருகிறது.

யோசித்துப் பார்த்தால், விட்டுப்போனது ஒரு முழு வருஷமல்ல. தோசைக்கல் அளவு விஷயந்தான். சேர்ந்த வாரத்தில் ஒருவர் சொல்லிக் கொடுத்தால் ஒரு பிற்பகலில் விளங்கும். அதிலிருந்து பயிற்சிக்கு இரண்டு மூன்று வாரம் போதும். சொல்லிக் கொடுக்காமலே நாலு மாதம் போனால், அதன் மேல் கட்டியதெல்லாம் மணலில் கட்டியதாகிறது. புத்தி மழுங்குகிறது என்று நாம் பெயர் கொடுப்பது பெரும்பாலும் இப்படி ஏதோ ஒரு வளைந்த ‘டி’யாகத்தான் இருக்கிறது.

இதோடு பாஷையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலிடெக்னிக்கில் விடையைத் தமிழிலும் எழுதலாம். அங்கே தமிழில் நினைத்துத் தமிழில் எழுதியவன் இங்கே தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதுகிறான். மூன்று மணி நேரப் பரீட்சையில் பாதி நேரம் வாக்கியத்தோடு மல்லுக்கட்டுவதில் போகிறது. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் தமிழ் வழியைத் தொடங்கியபோது நமக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லி முடியாது. ஆனால் நம் பையன் சேர்ந்திருக்கும் கலாசாலையில் இங்கிலீஷ்தானே? அவனுக்கு இன்று வேண்டியது பாஷைக் கொள்கையல்ல. விடை எழுதும் வாக்கியம் இருபது முப்பது. அவற்றைக் கற்றுக்கொள்வது இங்கிலீஷ் இலக்கியம் கற்பது போல் அவ்வளவு கடினமன்று.

இங்கே மகாத்மா காந்தியின் பள்ளி நாட்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. கல்யாணத்தினால் அவருக்கு ஒரு வருஷப் படிப்பு வீணாயிற்று. உழைக்கிற பையன் என்று ஓர் உபாத்தியாயர் அவரை ஒரு வகுப்பைத் தாண்டி ஏற்றிவிட்டார். ராஜகோட்டைப் பள்ளியில் நாலாம் வகுப்பிலிருந்து பெரும்பாலான பாடங்கள் இங்கிலீஷில். ஜியோமிதியோ புதுப் பாடம். ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் வகுப்புக்கே திரும்பிப் போய்விடலாமா என்று பலமுறை நினைத்ததாகச் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். தம்மை நம்பி ஏற்றிவிட்ட உபாத்தியாயருக்கும் தமக்கும் சேர்ந்து அவமானமாகும் என்ற பயந்தான் அவரை நிறுத்தி வைத்தது. யூக்ளிடின் பதின்மூன்றாவது தேற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது, இந்தப் பாடம் இவ்வளவு சுலபமா என்று திரை விலகினாற்போல் விளங்கியதாம். நம் பையனைப் போலவே ஒரு வருஷத்தைத் தாண்டினவர். பாஷையும் மாறி, பாடமும் மாறின இடம். வித்தியாசம், பன்னிரண்டு தேற்றம் வரையில் புரியாமலே அவர் உட்கார்ந்திருந்ததும், அதற்குள் யாரும் அவரைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போய்விடாததுந்தான்.

‘அதே காந்தி 1888-ல் பவநகர் சாமள்தாஸ் கலாசாலையில் சேர்ந்து, ஒன்றும் புரியாமல் ஒரு பருவத்தோடு வீடு திரும்பவில்லையா?’ என்று விஷயம் தெரிந்த வாசகர்கள் கேட்கக்கூடும். வாஸ்தவம். பேராசிரியர்கள் சிறந்தவர்கள்தாம், தாம்தான் பக்குவப்படாமல் இருந்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் திரும்பினவர் வேலைக்குப் போகவில்லை. குடும்ப நண்பர் ஒருவருடைய யோசனைப்படி அதைவிடக் கடினமான சீமைப் படிப்புக்குப் போனார். அங்கேயும் லண்டன் மெட்ரிகுலேஷனில் முதல் தடவை லத்தீன் பாடத்தில் தோற்று, 1890-ல் மறுபடி எழுதித் தேறினார். இன்றைய பாஷையில் சொன்னால் மகாத்மாவுக்கு லத்தீனில் ஓர் அரியர் இருந்தது.

நிற்க. இப்படிப்பட்ட சபைகளில் பெரியப்பாவோ மாமாவோ அவசியம் ராமானுஜத்தின் பேரை இழுப்பார். ‘கணித மேதை ராமானுஜமே எப்.ஏ.யில் தோற்றவர்தானே?’ என்பார். இந்த ஆறுதலை நாம் ஒப்புக்கொள்வதில்லை. ராமானுஜம் கதையை முழுதும் பார்த்தால் ஆறுதலுக்குப் பதில் வயிற்றைக் கலக்குகிறது. டவுன் ஹைஸ்கூலில் பரிசுகள் வாங்கினவர். 1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் இங்கிலீஷில் தோற்று, அந்தச் சம்பளத்தை இழந்தார். 1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தார். இடையில் உடம்பு கெட்டது. கணக்கில் யாரும் கிட்ட வர முடியாதவர், உடற்கூற்றுப் பாடத்தில் மண்டியிட்டார். எப்.ஏ. பரீட்சை இரண்டு தடவையும் கைவிட்டது. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. ஒரு பாடம் போனால் எல்லாம் போயிற்று. நூற்றுக்கு நூறு வாங்கிய கணக்கையும் சேர்த்து மறுபடி எழுத வேண்டும். அதன் பிறகு சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை கிடைப்பதற்கு 1912 ஆயிற்று. சென்னை சர்வகலாசாலை 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்ததும், கேம்பிரிட்ஜுக்குப் போனதும் அதற்கும் பிந்தித்தான். நடுவிலிருந்த ஐந்து வருஷம் பசியும் கடனுமாய்க் கழிந்தது. 32 வயதில் மறைந்துபோன ஒரு மனிதருக்கு ஐந்து வருஷம் என்பது என்ன கணக்கு!

ஆகையால் ராமானுஜத்தை உதாரணம் காட்டுவதென்றால் வேறு விதமாகக் காட்ட வேண்டும். அன்று அவருக்கு இல்லாத ஒரு வசதி இன்று நம் பையனுக்கு இருக்கிறது. இன்று போன பாடம் மட்டுந்தான் போயிற்று. தேறின பாடம் தேறினதே. போனதை அடுத்த பரீட்சையில் தனியாக எழுதிக்கொள்ளலாம். அரியர் என்ற வார்த்தையைக் கேட்டதும் வீட்டில் இழவு விழுந்தாற்போல் ஆகிவிடுகிறது. அது 1907-ல் பொருத்தமாயிருந்திருக்கும்.

இப்படிச் சொன்னதால் முதல் செமஸ்டர் மார்க்கை அலட்சியம் செய்யலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நேரே இரண்டாம் வருஷம் சேர்ந்தவனுக்கு ஒரு விசேஷக் கஷ்டம் உண்டு. மற்றவர்களுக்கு எட்டு செமஸ்டர், இவனுக்கு ஆறுதான். எட்டில் ஒன்று சறுக்கினால் மற்ற ஏழு தாங்கும். ஆறில் ஒன்று சறுக்கினால் ஐந்துதான் தாங்க வேண்டும். அதிலும் கம்பெனிக்காரர்கள் வேலைக்கு ஆள் எடுக்கக் கலாசாலைக்கு வருவது பெரும்பாலும் ஏழாவது செமஸ்டரில். அப்பொழுது இவன் காட்டக்கூடியது நாலே நாலு செமஸ்டர் மார்க்கு. பாடங்களின் மதிப்பு சமம் என்று வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். முதலில் 6 புள்ளி, பிறகு 7, பிறகு 7.5, பிறகு 8 என்று படிப்படியாக ஏறினால் சராசரி 7.1-க்குச் சற்று மேல் நிற்கிறது. 7 புள்ளியும் அரியர் பாக்கியில்லாமையும் கேட்கிற கம்பெனியின் வாசலில் அது நுழைந்துவிடும். 6, 6, 6.5, 7 என்றால் நுழையாது. ஆகவே முதல் செமஸ்டரை மன்னிக்கலாம். இரண்டாவதைக் கோட்டை விட முடியாது.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். அழைத்துக்கொண்டு வந்துவிடலாமா?

கூடாது என்பதே நம் அபிப்பிராயம். பணத்தைக் கொண்டே பார்த்தாலும் கூடாது. கல்விக் கடனுக்குப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை ஆரம்பம். நடுவில் விட்டு வந்தவனுக்கு அந்த அவகாசமும் போகிறது; கடன் மிஞ்சும், டிகிரி மிஞ்சாது. பணத்தை விட்டுத் தள்ளினாலும், தோற்ற இடத்தில் ஒரு பருவத்துக்குமேல் நிற்கவே விடாமல் அழைத்து வந்த பையன், அந்த வளைந்த ‘டி’ என்னவென்று வாழ்நாள் முழுதும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. தனக்கு மூளை இல்லை என்று மட்டும் தெரிந்துகொண்டிருப்பான். இரண்டு மூன்று செமஸ்டர் முயன்றும் அந்தப் படிப்பில் மனம் செல்லவில்லை, வேறு தொழிலில்தான் நாட்டம் என்று அவனே தெளிந்து சொன்னால் அது வேறு சங்கதி. அப்பொழுது பேசிக்கொள்ளலாம். முதல் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது அவசரம்.

பெண் குழந்தைகள் விஷயத்தில் இந்த அவசரம் இன்னும் அதிகம். மார்க்கு இறங்கினதும் ‘படித்தது போதும், வரன் பார்க்கலாம்’ என்ற பேச்சு எழுகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. பையனுடைய அரியருக்கு டியூஷன், பெண்ணுடைய அரியருக்கு ஜாதகம்! இது எந்த ஊர் நியாயம் என்று நமக்கு விளங்கவில்லை.

பையன் செய்ய வேண்டியது என்ன? முதல் வருஷத்துப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரையில் படிக்கிறேன் என்று கிளம்பினால் அதுவும் போகும், இதுவும் போகும். எந்தெந்த இடத்தில் இரண்டாம் வருஷத்துப் பாடம் முதல் வருஷத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று ஆசிரியரைத் தனியாகப் பார்த்துக் கேட்க வேண்டும். வகுப்பில் அறுபது தலை திரும்பும் என்று பயந்தவன் அவருடைய அறைக்குப் போகலாம். அங்கே ஒரு தலைதான். நாம் அறிந்த வரையில், வந்து கேட்கிற மாணவனைத் துரத்துகிற ஆசிரியர் அபூர்வம். வந்து கேட்கிற மாணவன் அதைவிட அபூர்வம்.

இன்னொரு உபாயமும் உண்டு. பிளஸ் டூ படித்துவிட்டு வந்த வகுப்புத் தோழர்களில் பலர் கலாசாலைக்கு வரும் வரையில் கடைசல் யந்திரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களல்லர். வெர்னியர் அளவியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தயங்குகிறவர்கள். நம் பையனோ மூன்று வருஷம் அதிலேயே புழங்கினவன். பட்டறையில் அவர்களுக்கு இவன் குரு. கணக்கில் இவனுக்கு அவர்கள் குரு. உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிய தேசத்தில் இந்தப் பண்டமாற்றுக்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கடைசி பெஞ்சிலிருந்து நடு பெஞ்சுக்கு வருவதற்கு இதைவிடச் சுலபமான வழி நமக்குத் தெரியவில்லை.

கலாசாலைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நேரே இரண்டாம் வருஷம் சேருகிறவர்களுக்கென்று இணைப்பு வகுப்பு நடத்துகிற கலாசாலைகள் இருக்கின்றன. அவர்களுக்கு நம் வந்தனம். ஆனால் சிலர் அதைச் சாயங்காலம் பஸ் புறப்படுகிற நேரத்தில் வைக்கிறார்கள். சிலர் பரீட்சை முடிவு வந்த பிறகு வைக்கிறார்கள். கலந்தாய்வு முடிந்து இந்தப் பிள்ளைகள் வந்து சேருவதற்குள் சில சமயம் மற்றவர்களுக்கு வகுப்பு தொடங்கிச் சில வாரம் ஆகிவிடுகிறது. வந்து சேர்ந்த முதல் பத்து நாளில், பகல் வேளையில், தினம் இரண்டு மணி நேரம் கொடுத்தால், பிறகு வைக்கிற எத்தனையோ விசேஷ வகுப்புகள் மிச்சமாகும்.

வீட்டாரிடம் நாம் கேட்பது சொற்பம். வாரத்துக்கு ஒரு முறை டெலிபோனில் பேசும்போது ‘எவ்வளவு மார்க்கு?’ என்பதை விட்டுவிட்டு, ‘இந்த வாரம் எது புரியவில்லை, யாரைக் கேட்டாய்?’ என்று அம்மாவாவது கேட்கட்டும். முதல் வாரம் பையன் ‘ஒன்றுமில்லை’ என்பான். மூன்றாவது வாரம் ஏதாவது சொல்லுவான். அம்மாவுக்கு அந்த விஷயம் புரிய வேண்டிய அவசியமில்லை.

கடைசியாக, கடிதம் எழுதிய தகப்பனாருக்கு ஓர் அவசர விஷயம். அரியர் பாடத்துக்கு மறுபரீட்சை சித்திரை வாக்கில் வரும். தோசைக்கல்லுக்கும் வளைந்த ‘டி’க்கும் இடையில் அவகாசம் இருக்கிறது. ஆனால் எழுதின விடைத்தாளின் நகலைப் பணம் கட்டி வாங்கிப் பார்ப்பதற்குக் கொடுத்திருக்கும் நாட்கள் மிகவும் குறைவு. எந்தக் கேள்வியில் எந்த வரியில் மார்க்கு போயிற்று என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். கடைசித் தேதி என்னவென்று இன்றைக்கே பையனுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்; மற்ற விஷயங்களை இன்று பேச வேண்டாம்.